கடைசியாகக் காணப்பட்டது

இருநூற்றுப் பதினான்கு மடிக்கணினிகள்
என் பொறுப்பில்.
ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.
கோத்தகிரியில், டானிங்டனுக்குக் கீழே,
தேயிலைச் சரிவு பார்த்த வாடகை அறையில்
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு
அவற்றுக்குக் கதவடைப்பது என் வேலை.

பச்சைப் புள்ளி என்றால் நலம்.
மஞ்சள் என்றால் யாரோ
'பிறகு நினைவூட்டு' என்பதையே
பதினோரு நாளாய் அழுத்துகிறார்.
ஈரோட்டில் ஒரு கணினியில் பிள்ளையின் கார் பந்தயம்.
நீக்குவேன்.
மறுநாள் முளைத்திருக்கும், உண்ணிச்செடிபோல.

செவ்வாய் இரவு ஹெப்சிபா அழைத்தாள்.
மேட்டுப்பாளையம் பேருந்து, அம்மாவைப் பார்க்க ஏறி வந்தாளாம்,
மடியில் ஒரு பை, மேலே ஒரு பை.
குஞ்சப்பனைச் சாவடியில்
தண்ணீர் பாட்டில்களைத் தேடிப் பிடுங்கினார்கள்,
அந்தக் கலவரத்தில் ஒரு சண்டை, அதற்கப்புறம்
அவள் முடிக்கவில்லை.
"அழலை, சளி" என்றாள்.

விதியை எழுதியவள் நானே.
தொலைந்தால் பூட்டு.
திரையில் ஓர் எண், கண்டெடுத்தவர் அழைக்க.
எழுபத்திரண்டு மணி நேரம் பார்.
பிறகு அழி.
எழுதிய அன்று நல்ல வெயில்.
எழுபத்திரண்டு தாராளமாகத் தெரிந்தது.
அலுவலக எண்ணை இரவில் யாரும் எடுப்பதில்லை என்று
என் எண்ணையே போட்டிருந்தேன்.

புதன் மாலை ஒரே ஒரு நிமிடம்
சாம்பல் புள்ளி பச்சையானது.
கட்டபெட்டுப் பக்கம்.
பூட்டு போய்ச் சேர்ந்தது.
அப்புறம் மழை.
அரவேணுவில் சில்வர் ஓக் கம்பிமேல் சாய்ந்தது,
மலையின் இந்தப் பாதி இருண்டது.
யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது.
செல்போனைக் கூரைக் குழாயருகே தூக்கிப் பிடித்தால்
இரண்டு கோடு.

வெள்ளி மாலை ஹெப்சிபா மறுபடி:
"ஒரு கோப்பு மட்டும் மேலே ஏறலை.
பத்து நாள் வேலை. மேனேஜருக்குத் தெரியாது.
ஒரு நாள் தள்ள முடியுமா?"
முடியும். ஒரே சொடுக்கு.
அதே பெட்டிக்குள் ஒன்பதாயிரம் பேர்
என்ன நோய்க்கு எவ்வளவு கேட்டார்கள் என்ற கணக்கும் இருந்தது.
தள்ளவில்லை.
இரவு ஒன்பது நாற்பதுக்கு
குழாயருகே நின்று ஆணையிட்டேன்.
'நிலுவையில்' என்றது.

சனி நண்பகல் கரண்ட் வந்தது.
ஃபிரிட்ஜ் உறுமியது, ரூட்டர் கண் விழித்தது,
பட்டியலில் அந்தப் புள்ளி பச்சை,
அதே நொடியில் என் போன்.

"போஜன் பேசறேம்மா, இலை லாரி ஓட்டறேன்.
இந்தப் பொட்டில ஒரு நம்பர் இருந்துச்சு.
அன்னைக்கு ஒன்பது எழுத்து குறிச்சேன்,
பத்தாவதுக்குள்ள சார்ஜ் போச்சு, ஊர்ல கரண்டும் போச்சு.
இப்பத்தான் லைன் வந்தது, குறிச்சதும் அடிக்கிறேன்.
ஆனா என்னமோ சதவீதம்னு ஓடுதே,
பதினெட்டு, பத்தொன்பது,
நான் எதையும் தொடலைங்க."

தெரியும், என்றேன்.
நான்தான்.

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
நாற்பது வரை படித்தார், நோயாளியின் காய்ச்சலைச்
சொல்வது மாதிரி.
பிறகு லாரிக்காரர் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

திங்கள் காலை ஜான்ஸ்டன் சதுக்கத்தில்
உரச்சாக்குக்குள் பழைய ஸ்வெட்டர் சுற்றிக் கொடுத்தார்.
பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை.
"உள்ள என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.
எத்தனை மணிக்கு விழித்தது, எங்கே விழித்தது,
எத்தனை சதவீதம் உயிர், எந்தப் பூட்டு,
எல்லாம் தெரியும் எனக்கு.
"தெரியாதுங்க" என்றேன்.

ஹெப்சிபா பத்து நாளை முதலிலிருந்து தட்டுகிறாள்.
என்னிடம் பேசுகிறாள், தேவைக்கு மட்டும்.

விதியில் 'எழுபத்திரண்டு மணி நேரம்' என்பதற்கு முன்
'மின்சாரம் உள்ள' என்று சேர்த்து அனுப்பினேன்.
சட்டப் பிரிவு சிவப்பில் அடித்துத் திருப்பியது:
அளப்பது எப்படி, தெளிவில்லை.

ஒரு புள்ளியும் மாற்றாமல்
மறுபடி அனுப்பியிருக்கிறேன்.